ஒரு காஸ் சிலிண்டர், மூன்று மனத்தாங்கல்கள்

ஆளுமை வகை என்று யாராவது பேச்செடுத்தால் எனக்குச் சற்று எரிச்சல் வரும். இராசி, நட்சத்திரம், இரத்த வகை என்று ஏற்கெனவே வேண்டிய அளவு கூறுபோட்டு வைத்திருக்கிறோம். புதிதாக இன்னொன்று எதற்கு என்பது என் எண்ணம். ஆகவே அலுவலகத்தில் எனியகிராம் பற்றிப் பயிற்சி வகுப்பு ஒன்று வைத்தபோது, தேநீர் எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருத்தி. மனிதர்கள் ஒன்பது வகை என்று படம் போட்டுக் காட்டினார்கள். எல்லோரும் தங்களுக்குப் பிடித்த எண்ணைத் தெரிவுசெய்துகொண்டார்கள். தனக்குப் பொருந்துகிற, ஆனால் பிடிக்காத எண்ணை எடுத்தவர் ஒருவரும் இல்லை.

மாலையில், எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடத் தயாரான நேரத்தில், பயிற்றுநர் போகிற போக்கில் சொன்ன ஒரு விடயம்தான் எனக்குள் தங்கிவிட்டது. அந்த ஒன்பதுக்கும் அடியில் மூன்று இயல்பூக்கங்கள் ஓடுகின்றனவாம். தன்னைக் காத்துக்கொள்வது ஒன்று: உணவு, உறைவிடம், காசு, உடல்நலம். கூட்டத்துக்குள் தனக்கோர் இடத்தைத் தேடிக்கொள்வது இன்னொன்று. ஒரே ஒருவரோடு, அல்லது ஒரே ஒன்றோடு, தீவிரமாக நெருங்கிக் கலப்பது மூன்றாவது. மூன்றும் எல்லோரிடமும் உண்டு. ஆனால் ஒன்று எப்போதும் முந்திக்கொள்ளும், ஒன்று துணைக்கு வரும், ஒன்று தூங்கும்.

இந்தப் பிரிப்புக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பொலிவியாவில் பிறந்த ஒஸ்கார் இச்சாசோ, 1970 இல் சிலி நாட்டின் அரிகா நகரில் ஒரு நீண்ட பயிற்சியை நடத்தினார். அதற்குப் போனவர்களில் ஒருவர் குளோடியோ நரன்ஹோ என்ற சிலி நாட்டு மனநல மருத்துவர். பின்னர் அவர் அதைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுசென்று, தன் மருத்துவ அறிவையும் சேர்த்துக் கற்பித்தார். ஒன்பதை மூன்றால் பெருக்கி 27 உபவகைகள் என்று இன்று சொல்லப்படுவது பெரும்பாலும் அவர் வழியாக வந்ததுதான். மூன்றாவது ஊக்கத்துக்கு அவர்கள் இட்ட பெயர் பாலியல் ஊக்கம். அதைப் படுக்கையறையோடு நிறுத்திக்கொண்டால் பாதிதான் விளங்கும். ஒரு சிநேகிதியோடு நள்ளிரவு தாண்டியும் பேசிக்கொண்டிருப்பதும், ஊண் உறக்கம் மறந்து ஒரு வேலையில் மூழ்கிப்போவதும் அதே ஊக்கம்தான். நான் இங்கே அதை நெருக்க ஊக்கம் என்றே எழுதுகிறேன். மாமியும் இதை வாசிப்பார்.

இதற்குச் சான்று என்ன என்று கேட்பவர்களுக்கு: உளவியல் ஆய்வாளர்கள் பெரிதும் நம்புவது ஐந்து பெரும் பண்புகள் என்ற வேறொரு அளவுகோலைத்தான். அதற்குப் பின்னால் பல நாடுகளில் செய்த ஆய்வுகள் குவிந்து கிடக்கின்றன. இந்த 27 க்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை. நானும் இதை விஞ்ஞானம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் ஒரு சண்டை வரும்போது சரியான கேள்வியைக் கேட்கவைக்கிறது, அவ்வளவுதான். அதுவே பெரிய உதவி.

கொழும்பில் எங்கள் ஆட்களின் ஊக்கங்களைப் பார்க்கக் கலியாண மண்டபத்தைவிட நல்ல இடம் கிடையாது. பம்பலப்பிட்டியிலோ வெள்ளவத்தையிலோ ஏதோவொரு மண்டபம். உள்ளே நுழைந்ததும் என் மாமியின் கண் முதலில் மின்விசிறியைத் தேடும். அடுத்தது கழிப்பறை எந்தப் பக்கம், படி வழுக்குமா, முதற் பந்தி எத்தனை மணிக்கு. அவருடைய கைப்பையில் தண்ணீர்ப் போத்தலும் பனடோல் அட்டையும் ஒரு பக்கற் பிஸ்கட்டும் இருக்கும். அறுசுவை விருந்துக்குத்தான் போகிறோம் என்று சொல்லிப் பயனில்லை. என் கணவர் மண்டபத்துக்குள் வந்துசேர ஒரு மணி நேரமாவது ஆகும். வாசலிலேயே நின்றுவிடுவார். யார் வந்தார்கள், யார் வரவில்லை, யாரை யார் பக்கத்தில் இருத்தினால் பிரச்சினை வரும் என்பதெல்லாம் மாப்பிள்ளை வீட்டாரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். நானோ, நெடுநாள் காணாத ஒரு மச்சாளைப் பிடித்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவேன். வீட்டுக்கு வந்தபிறகு மணமகளின் கூறைச் சேலை என்ன நிறம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

உங்கள் ஊக்கம் எது என்று அறிய வினாத்தாள் எதையும் நிரப்பத் தேவையில்லை. புதிய இடத்தில் கண் எங்கே முதலில் போகிறது, கையைப் பிசையாமல் எதற்குக் காசு கொடுக்கிறீர்கள், இரவில் நித்திரை வராமல் எதை நினைத்துப் புரளுகிறீர்கள் என்று பார்த்தால் போதும். மூன்றில் கடைசிக் கேள்விதான் அதிகம் பொய் சொல்லாதது.

இனி அந்த சிலிண்டர்.

2022 ஐ இலங்கையில் இருந்த எவருக்கும் விளக்கத் தேவையில்லை. மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடே கையை விரித்தது. அதே மாதக் கடைசியில் 12.5 கிலோ சமையல் காஸ் சிலிண்டர் 2,675 ரூபாயிலிருந்து 4,860 ரூபாய்க்குப் போனது. அந்த விலைக்கும் கிடைத்தால் அதிர்ஷ்டம். வெள்ளவத்தையில் வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியால் ஒன்றோடொன்று பிணைத்துத் தெருவோரம் வரிசை வைத்துவிட்டு, ஆட்கள் முறை போட்டுக் காவல் இருந்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் நிரம்பிய சிலிண்டர் ஒன்று மேலதிகமாக இருந்தது. அது மாமியின் புண்ணியம். பஞ்சம் வரப்போகிறது என்பதைப் பொருளியல் நிபுணர்களுக்கு முன்பே அவர் மோப்பம் பிடித்துவிட்டார். கதவோரத்தில், பழைய சேலையால் மூடி, அதன்மேல் ஒரு பூச்சாடியை வைத்து, வந்து போகிறவர்களின் கண்ணில் படாமல் அதைப் பாதுகாத்தார்.

மே மாதத்தில் எங்கள் தொடர்மாடியின் நான்காம் மாடியில் ஒரு பெரியவர் காலமானார். சிங்களக் குடும்பம். ஏழாம் நாள் தானத்துக்குப் பிக்குமாருக்குச் சமைக்க அவர்களிடம் காஸ் இல்லை. என் கணவர் தொடர்மாடி நிர்வாகக் குழுவின் செயலாளர். மின்தூக்கி வேலை செய்யாத நேரம். காவற்காரரும் அவருமாக எங்கள் சிலிண்டரைத் தூக்கிப் படிப்படியாக ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். நான் வேலை முடிந்து வந்தபோது மாமி வெறுமனே தரையில் கிடந்த பூச்சாடியைப் பார்த்தபடி கதிரையில் இருந்தார்.

"நாளைக்கு எங்களுக்கு யார் தம்பி தரப்போகிறார்கள்?" என்று அவர் கேட்டது அன்று இரவு முழுவதும் வெவ்வேறு வடிவங்களில் வந்துகொண்டே இருந்தது. "செத்தவீட்டுக்குக் கொடுக்காமல் வேறு எதற்கம்மா கொடுப்பது?" என்பதுதான் என் கணவருடைய பதில். இருவருமே சரி. இருவருக்குமே மற்றவர் பேசுவது மனிதத்தன்மை இல்லாத பேச்சாகப் பட்டது. தாய்க்கு மகன் குடும்பத்தைப் பட்டினி போடத் துணிந்தவனாகத் தெரிந்தான். மகனுக்குத் தாய் கல்நெஞ்சுக்காரியாகத் தெரிந்தார்.

எனக்கோ சிலிண்டர் போனது ஒரு பொருட்டாகவே படவில்லை. "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்பதுதான் என் மனத்தை அறுத்துக்கொண்டிருந்தது. முழுக் கட்டடத்துக்கும் தெரிந்த செய்தி எனக்குக் கடைசியாகத் தெரிந்தது. "சிலிண்டர் போனதற்கு அம்மா கோபிக்கிறார், சரி. நீர் ஏன் கோபிக்கிறீர்?" என்று அவர் உண்மையாகவே விளங்காமல் கேட்டார். ஒரு சிலிண்டர், மூன்று பேருக்கு மூன்று விதமான காயம். ஒருவருக்குக் கையிருப்பு போயிற்று, ஒருவருக்கு அயலில் பெயர் போகப் பார்த்தது, ஒருவருக்கு இருவருக்குள் இருந்த ஏதோ ஒன்று போயிற்று.

அந்தப் பயிற்சி வகுப்பு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எது நியாயம் என்று விவாதிப்பதை விட்டுவிட்டு, யாருக்கு எது பறிபோனது என்று கேட்டேன். அதன்பிறகு பேச்சு வேறு மாதிரிப் போனது. அரிசி எத்தனை நாளைக்குக் காணும், மண்ணெண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று என் கணவர் தாயோடு இருந்து கணக்குப் பார்த்தார். கணக்கைப் பார்த்த அரை மணி நேரத்தில் மாமியின் குரல் இறங்கியது. நான்காம் மாடிக்காரர்கள் சிலிண்டரோடு ஊரிலிருந்து வந்த சிவப்பரிசியில் ஒரு பையும் கொண்டுவந்து கொடுத்தது பின்னால் நடந்தது. மாமி அந்தப் பையைக் கையில் தூக்கி நிறை பார்த்துவிட்டு, "பரவாயில்லை" என்றார். அது அரிசிக்குச் சொன்னதா மகனுக்குச் சொன்னதா என்று நான் கேட்கவில்லை.

இங்கே இடைமறித்து ஒன்று. ஒன்பது வகைகளில் ஆறாவது வகை, அச்சத்தையும் ஐயத்தையும் மையமாகக் கொண்டது. தற்காப்பு முந்திய ஆறாம் வகையினர் அன்பாகப் பழகி, பாதுகாப்புத் தரக்கூடியவர்களைத் தம்மைச் சுற்றிச் சேர்ப்பார்கள். கூட்ட ஊக்கம் முந்தியவர்கள் விதி, கடமை, ஒழுங்கு என்று பிடித்துக்கொள்வார்கள். நெருக்க ஊக்கம் முந்தியவர்களோ பயத்தை மறைக்கப் பயத்தின் மீதே பாய்வார்கள் என்று நரன்ஹோ வழி வந்தவர்கள் சொல்கிறார்கள். என் கணவரின் தங்கையை எல்லோரும் பயமறியாதவள் என்றே சொல்வோம். அந்த ஆண்டு ஏப்ரல் 9 இல் காலிமுகத்திடலில் அரசுக்கு எதிரான போராட்டம் தொடங்கியபோது முதல் நாட்களிலேயே போய் நின்றவள். ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னாள்: "அண்ணி, வீட்டில் இருந்தால் நடுங்கிக்கொண்டே இருப்பேன். அங்கே போனால் நடுக்கம் நின்றுவிடுகிறது." காஸ் வரிசையில் பெயர்ப்பட்டியல் எழுதிய அண்ணனும், பூச்சாடி வைத்த தாயும், திடலில் நின்ற மகளும் ஒரே பயத்தைத்தான் மூன்று பக்கமாகச் சுமந்தார்கள் என்று எனக்கு அப்போது பட்டது.

ஆனால் இந்தக் கோட்பாட்டோடு எனக்கு ஒரு பெரிய வழக்கு உண்டு. முந்திக்கொள்ளும் ஊக்கம் பிறப்போடு வருவது, மாறாதது என்று அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கொழும்பில் தமிழராக வாழ்ந்து பார்க்கவில்லை.

மாமியின் அலுமாரிக்குள் ஒரு பழைய பிஸ்கட் தகரம் இருக்கிறது. உள்ளே காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், கலியாண எழுத்துப் பத்திரம், வங்கிப் புத்தகம், எப்போதோ எடுத்த பொலிஸ் பதிவுத் துண்டு. எல்லாம் பொலித்தீன் உறைக்குள். ஒரு கையால் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய பாரம். அதற்கு மேல் ஒரு தாள்கூடச் சேர்க்க விடமாட்டார். 2007 ஜூன் 7 அதிகாலையில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டு அனுப்பினார்களே, அன்று அந்தத் தகரம் நாள் முழுவதும் அவர் மடியில்தான் இருந்தது என்று என் கணவர் சொல்வார்.

1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், இவர்களுடைய வீடு எரிந்தது. இரத்மலானை முகாமில் இருந்து, பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய், ஆண்டுகள் கழித்துத் திரும்பிவந்த குடும்பம் இது. எரிந்த வீட்டில் உறுதியும் சான்றிதழ்களும் போனபிறகு, இருக்கிறோம் என்று நிரூபிக்கவே அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவருக்குத் தகரம் எவ்வளவு பெரியது என்பது எனக்கு விளங்கும். எனக்கு விளங்காமல் இருந்தது வேறொன்று. அவருடைய அக்கா ஒருநாள் சொன்னார்: "உன் மாமியா? எண்பத்திமூன்றுக்கு முன்னர் அவளை வீட்டில் பிடிக்க முடியாது பிள்ளை. நவராத்திரி வந்தால் ஒழுங்கையில் உள்ள அத்தனை பிள்ளைகளும் அவள் பின்னால்தான். நாடகம், கும்மி, கோலாட்டம். கையில் காசு தங்காது."

நான் நம்பவில்லை. அதன்பின் மாமி மகளைப் பார்க்கக் கனடாவின் ஸ்காபரோவுக்குப் போனார். போய்ச் சில வாரங்களிலேயே அங்குள்ள முதியோர் ஒன்றுகூடலில் யாருக்குப் பிறந்தநாள், யாருக்கு முழங்கால் வருத்தம், எவரை எவரோடு பேச விடக்கூடாது என்றெல்லாம் அவருக்கு அத்துப்படி. தொலைபேசியில் மைத்துனி சிரித்தாள்: "அண்ணி, அம்மா ஒன்றையும் ஒளித்து வைக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்ப்பதில்லை." கட்டுநாயக்காவில் வந்து இறங்கிய மறுநாள், அரிசிப் பீப்பாவைத் திறந்து மிளகாய் வற்றல் இன்னும் இருக்கிறதா என்று பார்த்தார்.

ஆகவே ஒருவரைத் தற்காப்பு ஆள் என்று முத்திரை குத்தும் முன்னர், பயமில்லாத இடத்தில் அவர் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள். அப்படி ஓர் இடமே அவருக்குக் கிடைத்ததில்லை என்றால் முடிவைத் தள்ளிப்போடுங்கள். பஞ்ச காலத்தில் எல்லோரும் அரிசியை எண்ணுவார்கள். அதை வைத்து எவருடைய குணத்தையும் எழுதக்கூடாது. மாமிக்கு முந்துவது கூட்ட ஊக்கம்தான், மகனுக்கு வந்ததும் அவரிடமிருந்துதான் என்று இப்போது நினைக்கிறேன். இதை அவர்கள் இருவரிடமும் சொன்னபோது இருவருமே ஒத்துக்கொள்ளவில்லை.

கணவன் மனைவிக்குள் வரும் உரசலில் முந்துகிற ஊக்கத்தைவிட, தூங்குகிற ஊக்கம்தான் அதிகம் விளையாடுகிறது என்பது என் அனுபவம். என்னிடம் தூங்குவது கூட்ட ஊக்கம். அந்தியேட்டி, பூப்புனித நீராட்டு விழா, பழைய மாணவர் சங்கக் கூட்டம் எல்லாமே எனக்கு வீண் அலைச்சல். அவரிடம் தூங்குவது நெருக்கம். ஒரே வீட்டில் இருக்கிறோமே, இதற்கு மேல் என்ன நெருக்கம் என்பது அவருடைய நியாயம். ஒருவரிடம் தூங்குவது மற்றவரிடம் முந்தினால், இவருக்கு உயிராக இருப்பது அவருக்கு நாடகமாகத் தெரியும். நான் அவருடைய கூட்டங்களைப் புகழாசை என்பேன். அவர் என் மனத்தாங்கல்களைச் சின்னப்பிள்ளைத்தனம் என்பார்.

இப்படிப்பட்ட இடத்தில் எங்களுக்கு உதவியது, எதிராளியின் அளவையால் அளந்து கொடுப்பது. மாமியிடம் எதையாவது கடன் கொடுக்கவோ தானம் கொடுக்கவோ கேட்க வேண்டுமென்றால், மீதி எவ்வளவு இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் கேட்கிறோம். தருமத்தைப் பற்றிய பிரசங்கம் அவரிடம் எடுபடாது. "இன்னும் இரண்டு மாதத்துக்குக் காணும் மாமி" என்பது எடுபடும். என் கணவரிடம் "எனக்காக வாருங்கள்" என்றால் வருவார், ஆனால் மனம் வேறெங்கோ இருக்கும். "நீங்கள் வராவிட்டால் அக்கா வீட்டார் என்ன நினைப்பார்கள்" என்றால் சட்டையை அயன் பண்ணத் தொடங்கிவிடுவார். இது தந்திரம் இல்லையா என்று என் சிநேகிதி கேட்டாள். தந்திரம்தான். எனக்குப் பிடித்த முறையில் நான் கேட்டு, அவருக்கு விளங்காமல் போய், இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுப்பதைவிட இந்தத் தந்திரம் மேல்.

செய்யக்கூடாதவையும் உண்டு. இந்தச் சொற்களைச் சண்டை நடுவில் எடுக்கவே கூடாது. "இது உங்கள் கூட்ட ஊக்கம் பேசுகிறது" என்று சொன்னால், "அம்மாவைப் போலவே நீங்களும்" என்று சொன்னதற்குச் சமம். அதைவிடக் கொஞ்சம் படித்த வசை, அவ்வளவே. வளரும் பிள்ளைகளை வகைப்படுத்தவே வேண்டாம். பரீட்சை நெருங்கினால் எந்தப் பிள்ளைக்கும் நித்திரையும் பசியும் மாறும். அதைப் பார்த்துக் குணத்தை முடிவுசெய்ய முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு கலியாணத் தரகர் இதைக் கேள்விப்பட்டுப் பொருத்தத்தில் சேர்க்கலாமா என்று ஆர்வமாக விசாரித்தார். பத்துப் பொருத்தமும் செவ்வாய் தோஷமும் கனடா விசாவும் பார்த்து முடிந்தபின் மிஞ்சியிருக்கும் மாப்பிள்ளையிடம் இதையும் பார்க்கப் போனால், ஊரில் ஒருவரும் கலியாணம் கட்டமாட்டார்கள் என்றேன்.

உங்களிடம் தூங்கும் ஊக்கத்தை எழுப்புவதும் முடியாத காரியம் இல்லை. ஆனால் பெரிய தீர்மானங்கள் வேண்டாம். நான் தொடர்மாடிக் கூட்டத்துக்கு மாதம் ஒருமுறை போய் உட்கார்ந்திருக்கிறேன். வாய் திறப்பதில்லை. யாருடைய தண்ணீர்த் தாங்கி ஒழுகுகிறது, யார் பராமரிப்புப் பணம் கட்டவில்லை என்று கேட்டுக்கொண்டு திரும்பி வருகிறேன். முன்னர் சுவராகத் தெரிந்த கதவுகளுக்குப் பின்னால் இப்போது ஆட்கள் இருக்கிறார்கள். அதற்குப் பதிலாக அவர் எனக்குத் தந்தது, மரைன் டிரைவில் கைபேசி இல்லாமல் ஒரு நடை. மாலை நேரத்தில் அதைத் தொடங்கியதுதான் பிழையாகிப்போயிற்று. பத்து அடிக்கு ஒருவர் "என்ன செயலாளர்" என்று நிறுத்தினார். நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது விடியற்காலையில் போகிறோம். அந்த நேரத்தில் அவரை அறிந்தவர்கள் எவரும் எழும்பியிருக்க மாட்டார்கள் என்பது என் கணக்கு. போன கிழமை மீன் கொண்டுவருகிற ஒருவர் சைக்கிளை நிறுத்தி, தன் மகளுக்குப் பாடசாலை அனுமதி கிடைத்துவிட்டதாக இவரிடம் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.